ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சது வீட்டுக்கு வர்ற சிஸ்டருக்கு எப்படித் தெரியும்?

வார்டுல ஒரு நாளைக்கு மூணு தடவை டியூட்டி மாறும். கிளம்புற சிஸ்டர் வர்ற சிஸ்டரை ஒவ்வொரு பெட்டா கூட்டிட்டுப் போய், இவருக்கு 2 மணிக்கு ஆன்டிபயாட்டிக் இருக்கு, அந்தம்மாவுக்கு யூரின் கம்மியா போகுது கொஞ்சம் பாத்துக்கோங்க, ஏழாம் பெட்டுக்கு ரத்தம் ரிப்போர்ட் இன்னும் வரலன்னு சொல்லிட்டுத்தான் பேக்கை எடுப்பாங்க. இதுக்குப் பேரு ஹேண்டோவர். அதே வார்டுல எட்டு மணி நேரம் மட்டும் பாத்துக்கப் போற ஆளுக்கே இவ்வளவு சொல்றோம். அதே பேஷன்ட் டிஸ்சார்ஜ் ஆகி புதுச்சேரியில இருந்து நெல்லிக்குப்பமோ பாகூரோ போறாரு, அங்க அவரைப் பாத்துக்கப் போற சிஸ்டர் இவரை இதுவரைக்கும் பாத்ததே இல்ல, ஆனா அங்க மட்டும் ஹேண்டோவர் கிடையாது. ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு கவர் மாத்திரை, ரிவ்யூக்கு ஒரு தேதி, அவ்வளவுதான். டிஸ்சார்ஜும் ஒரு டியூட்டி மாத்தம்தான், சொல்லப்போனா எல்லாத்தையும் விடப் பெரிய டியூட்டி மாத்தம். அதுல எந்தத் தகவல் எப்படிப் போகணும், யார் கைக்குப் போகணும், யாருக்குப் போகக் கூடாது, திரும்பி எப்படி வரணும், இதைத்தான் இங்க எழுதுறேன். படுக்கையில ஒருத்தரை வீட்ல வச்சுப் பாத்துக்குற குடும்பத்துக்கும் புதுசா ஹோம் கேர் வேலைக்கு வர்ற சிஸ்டர்களுக்கும் உதவும்.

இது நம்ம ஊர் விஷயம் மட்டும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2017ல மருந்தால வர்ற கெடுதலைக் குறைக்கணும்னு ஒரு உலக அளவிலான முயற்சி ஆரம்பிச்சப்போ மூணு இடத்துல ஆபத்து அதிகம்னு சொன்னாங்க. ஒண்ணு ஆபத்தான மருந்தும் சூழ்நிலையும், ரெண்டு ஒரே ஆள் நிறைய மருந்து சாப்பிடுறது, மூணாவது ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு பேஷன்ட் மாறுற நேரம். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர்றது இந்த மூணாவதுல வருது, ஆனா வயசானவங்கன்னா பெரும்பாலும் மூணும் ஒண்ணா சேர்ந்துதான் வரும்.

முதல்ல ஒரு சின்ன குழப்பத்தைத் தீத்துடறேன். நம்ம பக்கம் வீட்டுக்கு வந்து பேஷன்டைப் பாத்துக்குற எல்லாரையும் ஹோம் நர்ஸ்னு சொல்லிடறோம். ஜிஎன்எம்ங்கற நர்சிங் டிப்ளமாவோ பிஎஸ்சி நர்சிங்கோ முடிச்சு நர்சிங் கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணவங்களும் இருக்காங்க, குளிப்பாட்டி, டயாபர் மாத்தி, சாப்பாடு ஊட்டி, திருப்பிப் படுக்க வைக்கிற கேர்டேக்கர்களும் இருக்காங்க. ரெண்டு பேரும் தேவைதான், ரெண்டாவது வேலை லேசுன்னு யாராவது சொன்னா ஒரு நாள் செஞ்சு பாக்கச் சொல்லுங்க. ஆனா ஊசி, டியூப், புண்ணு கட்டுறது இதெல்லாம் முதல் வகை ஆளோட வேலை. யாருக்கு எவ்வளவு தகவல் குடுக்கணுங்கறதும் இதை வச்சுத்தான், அதனால ஏஜென்சிக்கு போன் போடுறப்பவே வர்றவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்டுடுங்க, கேக்குறதுல ஒண்ணும் தப்பு இல்ல.

சரி, ஒரு கற்பனைப் பேஷன்ட். பண்ருட்டி பக்கம் ஒரு பெரியவர், வயசு 70க்கு மேல, பக்கவாதம் வந்து புதுச்சேரியில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இருந்துட்டு வீட்டுக்கு வர்றாரு. மூக்கு வழியா வயித்துக்கு சாப்பாடு போற ரைல்ஸ் டியூப், யூரின் வெளிய வர ஃபோலி கத்தீட்டர்ங்கற டியூப், சுகருக்கு இன்சுலின், பிபி மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க ஒரு ஊசி, முதுகுக்குக் கீழ படுக்கைப்புண் ஆரம்பிச்சிருக்கு. இவரோட டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாத்தா என்ன வியாதி, ஸ்கேன்ல என்ன தெரிஞ்சுது, என்ன ரத்தப் பரிசோதனை, என்ன சிகிச்சை குடுத்தாங்க, என்ன மாத்திரைன்னு எல்லாம் ஒழுங்கா இருக்கும். குறை சொல்ல முடியாது. ஏன்னா அது அடுத்து பாக்கப் போற டாக்டருக்காக எழுதுற பேப்பர். வீட்டுக்கு வர்ற சிஸ்டர் கேக்குற கேள்வியே வேற.

ரைல்ஸ் டியூப்பை எடுத்துக்கோங்க. சம்மரியில ரைல்ஸ் டியூப் ஃபீட் தொடரவும்னு ஒரே வரி இருக்கும். சிஸ்டருக்கு என்னைக்குப் போட்ட டியூப்னு தெரியணும், மூக்கு ஓரத்துல எத்தனையாவது சென்டிமீட்டர் மார்க்ல பிளாஸ்டர் ஒட்டியிருக்குன்னு தெரியணும், ஏன்னா 55ல இருந்த டியூப் ராத்திரி இருமல்ல 48க்கு வந்திருந்தா அதுல கஞ்சியை ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை, வாய் வழியா ஒரு ஸ்பூன் தண்ணியாவது குடுக்கலாமா, முழுங்குறாரான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்களா இல்லையா. அப்புறம் மாத்திரை. டியூப்ல குடுக்குறதுன்னா இடிச்சுக் கரைச்சுத்தான் குடுக்கணும், ஆனா பேருக்குப் பின்னாடி எஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர்னு இருக்குற மாத்திரையெல்லாம் மெதுவா கரையறதுக்காக செஞ்சது, இடிச்சா ஒரு நாளைக்கு வேண்டிய மருந்து மொத்தமா ஒரே நேரத்துல ரத்தத்துல இறங்கிடும். மருந்து எழுதுன டாக்டருக்கு இது நல்லாவே தெரியும், ஆனா வார்டுல அவர் எழுதுன நேரத்துல பேஷன்ட் வாயால சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பாரு, டியூப் ரெண்டு நாள் கழிச்சுத்தான் போட்டிருப்பாங்க, மருந்து லிஸ்ட் மட்டும் பழசு அப்படியே வந்திருக்கும். இந்த மாதிரி ஓட்டையெல்லாம் யாரும் அலட்சியமா இருந்து வர்றதில்ல, ரெண்டு தகவல் ரெண்டு பேப்பர்ல இருக்குறதால வர்றது.

கத்தீட்டரும் அப்படித்தான், என்ன சைஸ், லேடெக்ஸா சிலிக்கானா, டியூப் வெளிய வராம உள்ள பிடிச்சு வைக்கிற பலூன்ல எத்தனை மில்லி தண்ணி ஏத்தியிருக்கு, போட்ட தேதி, மாத்த வேண்டிய தேதி. சிலிக்கான்னா லேடெக்ஸை விட அதிக நாள் வச்சிருக்கலாம், அதனால எதுன்னு தெரியாம தேதி சொல்ல முடியாது.

இன்சுலின் பத்தி மட்டும் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா இதுல விளையாடக் கூடாது. நம்ம ஊர் மெடிக்கல்ல கிடைக்கிற இன்சுலின் பாட்டில்ல பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு மில்லிக்கு 100 யூனிட் இருக்குறதும் வருது, அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். இப்போ 100 யூனிட் பாட்டில்ல இருந்து சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 20ங்கற கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள வர்றது அரை மில்லி, அதாவது 50 யூனிட். ரெண்டரை மடங்கு. பெரியவருக்கு சுகர் அடிமட்டத்துக்கு இறங்கி நினைவு தப்பிடும், பக்கவாதம் வந்தவர்ங்கறதால தூங்குறாருன்னு வீட்ல விட்டுடுவாங்க. தலைகீழா, 40 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி போட்டா 20க்கு பதிலா 8 யூனிட்தான் போகும், சுகர் எறங்கவே எறங்காது, ரிவ்யூல டாக்டர் டோஸை ஏத்துவாரு, அடுத்த மாசம் யாராவது சரியான சிரிஞ்ச் வாங்கிட்டு வந்துட்டா வம்பு. ஆக சம்மரியில இன்சுலின் 20 யூனிட்னு மட்டும் இருந்தா அது பாதித் தகவல். எந்த இன்சுலின், எந்த பாட்டில், எந்த மூடி, சாப்பாட்டுக்கு எத்தனை நிமிஷம் முன்னாடி, எவ்வளவுக்குக் கீழ சுகர் இருந்தா போடாம நிறுத்திட்டு போன் பண்ணணும், இவ்வளவும் சேந்தாத்தான் முழுத் தகவல். கையால எழுதும்போது யூனிட்டுக்கு சுருக்கமா ஒரு எழுத்து போடுற பழக்கம் இருக்கு, 10க்குப் பக்கத்துல அந்த எழுத்து சுழிச்சு விழுந்தா 100 மாதிரியே தெரியும், அதனால யூனிட்னு முழுசா எழுதச் சொல்லிக் கேளுங்க.

கடைசி டோஸ் எப்போ குடுத்தாங்கங்கறதை அனேகமா யாரும் கேக்க மாட்டாங்க. காலையில 8 மணிக்கு வார்டுல ரத்தம் உறையாம இருக்குற ஊசி போட்டுட்டாங்க, பில் கட்டி, இன்சூரன்ஸ் வேலை முடிஞ்சு, வண்டி பிடிச்சு வீடு வந்து சேர சாயங்காலம் ஆகுது, புதுசா வந்த சிஸ்டர் பேப்பரைப் பாக்குறாங்க, ஒரு நாளைக்கு ஒரு ஊசின்னு இருக்கு, இன்னிக்குப் போட்டாங்களான்னு மகனைக் கேட்டா, நான் பில் கவுன்டர்ல இருந்தேன் சிஸ்டர், அம்மாவைக் கேளுங்கங்கறாரு, அம்மா ஏதோ ஊசி போட்டாங்கப்பாங்கறாங்க. போடவும் பயம், போடாம விடவும் பயம். டிஸ்சார்ஜ் பண்ற சிஸ்டர் மருந்து லிஸ்ட் பக்கத்துலயே கடைசியா குடுத்த நேரத்தையும் குறிச்சுக் குடுத்திருந்தா அரை நிமிஷ வேலை.

அடுத்தது மருந்துப் பேரு. வீட்ல ஏற்கனவே பழைய மாத்திரை டப்பா ஒண்ணு இருக்கும்ல, ஆம்லாங். ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தது ஸ்டாம்லோ. ரெண்டும் ஒரே ஆம்லோடிபின்தான், கம்பெனி மட்டும் வேற. ஆனா பழசையும் நிறுத்தச் சொல்லலியே, புதுசும் குடுத்திருக்காங்களேன்னு ரெண்டையும் போட்டா பிபி இறங்கி, எழுந்து உக்காரும்போது தலை சுத்தி விழுவாங்க. புதுச்சேரிக்குன்னே இதுல தனி ரகம் ஒண்ணு உண்டு. சொல்தா குடும்பங்கள்ல, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்தவங்க குடும்பங்கள்ல, பெரியவங்க மகன் வீட்டுக்கு பாரிஸ் போயிட்டு ஆறு மாச மருந்தோட வருவாங்க, டப்பா முழுக்க பிரெஞ்சு, அதுல தோலிப்ரான்னு இருக்குறது நம்ம டோலோவேதான், கார்டெஜிக்னு பொடி பாக்கெட்ல இருக்குறது ஆஸ்பிரின், நம்ம எகோஸ்ப்ரின்லயும் அதேதான் இருக்கு. ரெண்டையும் சேத்துப் போட்டா ரத்தம் கசியற ஆபத்து கூடும். அதனால வீட்ல இருக்குற எல்லா மாத்திரையையும், சித்த மருந்துக் கடையில வாங்குன லேகியம் வரைக்கும், ஒரு இடத்துல கொட்டி டிஸ்சார்ஜ் லிஸ்ட்டோட ஒண்ணொண்ணா ஒப்பிட்டு, எது தொடருது, எது நின்னாச்சு, எது டோஸ் மாறிடுச்சு, எது புதுசுன்னு எழுதணும். முதல் நாள் வர்ற சிஸ்டரோட முதல் வேலை இதுதான், குளிப்பாட்டுறதெல்லாம் அப்புறம். பிராண்ட் பேரோட மருந்தோட பொதுப் பேரையும் எழுதி வச்சா இந்தக் குழப்பம் முக்கால்வாசி போயிடும், டாக்டர்கள் பொதுப் பேரைத் தெளிவா எழுதணும்னு விதியே இருக்கு.

வராத ரிப்போர்ட்டும் ஒரு தகவல்தான். யூரின்ல என்ன கிருமி இருக்குன்னு பாக்குற கல்ச்சர் முடிவு வர ரெண்டு மூணு நாள் ஆகும், சதையை எடுத்துப் பாக்குற பயாப்சி இன்னும் அதிக நாள் ஆகும். பேஷன்ட் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிடறாரு, திங்கக்கிழமை லேப்ல ரிப்போர்ட் ரெடி, இப்போ போடுற ஆன்டிபயாட்டிக் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாதுன்னு அதுல இருக்கு. அது யாரைத் தேடிப் போகும்? அதனால சம்மரியில என்ன ரிப்போர்ட் பாக்கி, எப்போ வரும், யார்கிட்ட கேக்கணும்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கிளம்புறதுக்கு முன்னாடி வார்டு சிஸ்டர்கிட்ட கேட்டு நீங்களே எழுதிக்கோங்க.

இதய வியாதிக்காரங்கன்னா டிஸ்சார்ஜ் அன்னிக்கு எடுத்த எடை கட்டாயம் வேணும். ரெண்டு மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோவுக்கு மேல ஏறினா உடம்புல தண்ணி கோக்குதுன்னு அர்த்தம், மூச்சு வாங்குறதுக்கு முன்னாடியே பிடிச்சுடலாம், ஆனா எதுல இருந்து ஏறுச்சுன்னு தெரியணுமே.

இவ்வளவு தகவலும் இப்போ எப்படி வருது? பெரும்பாலும் ஏதாவது ஒரு துணிக்கடைப் பையில, பழைய ஓபி சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் பிலிம், மெடிக்கல் பில் எல்லாம் கலந்து வருது, இல்லன்னா வாட்ஸ்அப்ல சாய்ச்சுப் பிடிச்ச போட்டோவா வருது, அதுல ரெண்டாவது பக்கம் இருக்காது. தகவலைத் தூக்கிட்டு வர்ற வேலை குடும்பத்துல ஒருத்தர் தலையில, அதுவும் பேஷன்ட் கூட ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த ஒருத்தர் தலையில விழுது. கடலூர்க்காரங்களுக்குக் கூடுதலா இன்னொண்ணு இருக்கு, மாநில எல்லை. கோரிமேடு ஜிப்மர்ல வைத்தியம், திரும்பி வந்தா மஞ்சக்குப்பம் அரசு தலைமை ஆஸ்பத்திரி, ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையம். தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோதெரபியும், படுக்கையில இருக்குறவங்களுக்கான பராமரிப்பும் வீட்டுக்கே வருது. ரொம்ப நல்ல திட்டம். ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்குற ஆஸ்பத்திரி போன வாரம் பிபி மாத்திரையை மாத்திடுச்சுன்னு வீட்டுக்கு வர்ற தன்னார்வலருக்கு யாராவது சொன்னாத்தான் தெரியும், இல்லன்னா அவங்க லிஸ்ட்ல இருக்குற பழைய மாத்திரையைத்தான் குடுத்துட்டுப் போவாங்க. டிஸ்சார்ஜ் ஆன வாரத்துலயே சம்மரி ஜெராக்ஸ் ஒண்ணு சுகாதார நிலையத்துல குடுத்துடுங்க, கிராம சுகாதார செவிலியர் கையில நேரா குடுத்தா இன்னும் நல்லது.

இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வழி இல்லையான்னா இருக்கு, ஓரளவுக்கு. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்னு மத்திய அரசு கொண்டு வந்தது, நாடு முழுக்க 2021 செப்டம்பர் 27ல ஆரம்பிச்சாங்க, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி 2020 ஆகஸ்ட் 15ல ஆறு யூனியன் பிரதேசத்துல சோதனையா விட்டப்போ அதுல புதுச்சேரியும் ஒண்ணு. உங்களுக்கு ஆபா நம்பர்னு 14 இலக்கத்துல ஒரு நம்பர் குடுப்பாங்க. நிறைய பேரு அந்த நம்பர் இருந்தாலே எல்லா ரிப்போர்ட்டும் அதுக்குள்ள வந்து உக்காந்துடும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல. ரிப்போர்ட் அந்தந்த ஆஸ்பத்திரி, லேப் கம்ப்யூட்டர்லதான் இருக்கும். ஆஸ்பத்திரி உங்க ரெக்கார்டை ஆபாவோட லிங்க் பண்ணணும், இன்னொரு இடம் அதைப் பாக்கணும்னு கேக்கும்போது உங்க போனுக்கு ஒரு கோரிக்கை வரும், நீங்க சரின்னு சொன்னாத்தான் போகும். எந்த வகை ரெக்கார்ட், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும், எத்தனை நாள் பாக்கலாம்னு நீங்களே வரம்பு வைக்கலாம், வேண்டாம்னா நடுவுல அனுமதியைத் திரும்ப எடுத்துக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட் ஒவ்வொண்ணுக்கும் ஒரே மாதிரி வடிவம் வச்சிருக்காங்க, ஒரு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் எழுதுனதை இன்னொண்ணு படிக்கிறதுக்காக.

அமைப்பு நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. ஆனா வீட்டுக்கு ஸ்கூட்டியில வர்ற சிஸ்டர் இதுக்குள்ள வரணும்னா அவங்க ஏஜென்சி அதுல பதிவு பண்ணி, அதுக்கேத்த சாஃப்ட்வேர் வச்சிருக்கணும், சின்ன ஏஜென்சிகள்கிட்ட இதை எதிர்பாக்க முடியாது. அதனால இப்போதைக்கு நடக்கக் கூடியது, நீங்க ஆபா ஆப்ல ரெக்கார்டை இறக்கி சிஸ்டர்கிட்ட காட்டுறது. சாய்ச்சு எடுத்த போட்டோவை விட அது ஆயிரம் மடங்கு தேவலாம், எழுத்தாவது புரியும். ஆனாலும் மேல சொன்ன டியூப் மார்க், சிரிஞ்ச் மூடி, கடைசி டோஸ் நேரமெல்லாம் அதுலயும் இருக்காதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, எழுதாததை எந்த ஆப்பும் அனுப்பாது.

ஆஸ்பத்திரி பேப்பர் குடுக்க மாட்டேங்குறாங்கன்னு ஒரு புகார் அடிக்கடி கேக்கும். 2002ல வந்த மருத்துவக் கவுன்சில் விதிப்படி, பேஷன்டோ அவர் அனுமதிச்ச ஆளோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டைக் குடுக்கணும், உள்நோயாளி ரெக்கார்டை மூணு வருஷம் வச்சிருக்கணும். சண்டை போட வேண்டாம், ஒரு லெட்டரா எழுதிக் குடுத்து வாங்கிட்டதுக்குக் கையெழுத்து கேளுங்க, வேலை நடக்கும்.

இப்போ எதைச் சொல்லக் கூடாதுங்கறது. பாத்துக்குற ஆளுக்கு வேலைக்கு வேண்டியது தெரியணும், அதுக்கு மேல தெரிய வேண்டியதில்ல. கேர்டேக்கருக்கு எந்தப் பக்கம் திருப்பணும், எது சாப்பிடக் கூடாது, எது நடந்தா கூப்பிடணும்னு தெரிஞ்சா போதும், 15 வருஷத்துக்கு முன்னாடி மனநல டாக்டரைப் பாத்த சீட்டு எதுக்கு? எச்ஐவி விஷயத்துல 2017ல வந்த தனிச் சட்டமே இருக்கு, அவங்க சம்மதம் இல்லாம அந்தத் தகவலை வெளிய சொல்லக் கூடாது, சிகிச்சை பாக்குறவங்களுக்குள்ள தேவைக்குச் சொல்றதுக்கு மட்டும் வரம்போட வழி இருக்கு. அப்போ சிஸ்டரோட பாதுகாப்புக்கு என்ன வழின்னா, ரத்தம் தொடுற வேலைக்கு எல்லாப் பேஷன்டுக்கும் கிளவுஸ் போடணும், வியாதி என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆள் பாத்துப் போடுற பழக்கமே தப்பு.

வாட்ஸ்அப் இல்லாம இந்தக் காலத்துல வேலை ஓடாது, வேண்டாம்னு சொல்லி யாரும் கேக்கப் போறதும் இல்ல. ஆனா புண்ணு போட்டோ அனுப்பும்போது முகம் வேண்டாம், துணி விலகின மத்த இடம் வேண்டாம், பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு எடுத்தா எத்தனை சென்டிமீட்டர்னு தெரியும். ஏஜென்சியோட பொது குரூப்ல, நம்ம முத்தியால்பேட்டை பேஷன்டுக்கு இப்படி இருக்கு யாராவது ஐடியா சொல்லுங்கன்னு சம்மரியோட போடுறதெல்லாம் கூடவே கூடாது. இருக்கிறது சின்ன ஊரு, தெருப் பேரு சொன்னாலே வீடு தெரிஞ்சுடும்.

இதுவரைக்கும் சொன்னது ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வர்ற வழி. என்னைக் கேட்டா அதை விட மோசமா கிடக்குறது திரும்பிப் போற வழிதான். சிஸ்டர் தினமும் பிபி பாக்குறாங்க, சுகர் பாக்குறாங்க, நோட்டுல எழுதுறாங்க, அந்த நோட்டு ரிவ்யூக்குப் போகவே போகாது, டிவி ஸ்டாண்டு மேலயே கிடக்கும். ரிவ்யூல டாக்டர் எப்படி இருக்காருன்னு கேப்பாரு, மகன் நல்லாத்தான் இருக்காரு சார்ம்பாரு. பத்து நாளா ராத்திரியில சுகர் 70க்குக் கீழ போனது யாருக்கும் தெரியாமலே போயிடும். நோட்டை முழுசாக் குடுத்தாலும் டாக்டருக்குப் படிக்க நேரம் இருக்காது, ஓபி கூட்டம் அப்படி. அதனால ரிவ்யூக்கு முதல் நாள் சிஸ்டர் ஒரே ஒரு பக்கம் எழுதணும்: பிபி, சுகர் குறைஞ்ச அளவு, கூடின அளவு, அது எந்த நேரத்துல, புண்ணு போன தடவை எத்தனை சென்டிமீட்டர் இப்போ எத்தனை, எந்த மாத்திரையை நிறுத்தினோம் ஏன் நிறுத்தினோம், விழுந்தாரா, டியூப் எப்போ மாத்தினோம், நாங்க கேக்க விரும்புறது இந்த ரெண்டு கேள்வி. அரசு ஆஸ்பத்திரின்னா எந்த யூனிட், அதாவது எந்த டாக்டர் குழு, அந்த யூனிட்டுக்கு ஓபி என்னைக்குங்கறதையும் மேல எழுதிடுங்க, தப்பான நாள்ல போனா பாக்குறது வேற டாக்டர், கதையை முதல்ல இருந்து சொல்லணும்.

அவசரத்துல போன் பண்றதுக்கு நர்சிங்ல ஒரு முறை இருக்கு, எஸ்பார்னு சொல்லுவாங்க, அமெரிக்கக் கடற்படையில இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. நிலைமை, பின்னணி, நீங்க என்ன நினைக்கிறீங்க, என்ன வேணும், இந்த வரிசையில பேசணும். பெரியவருக்கு யூரின் சரியா போகலன்னு வச்சுக்கோங்க. சார் யூரின் பிரச்சனை சார், நேத்து நல்லாதான் இருந்தாரு, மருமக சொன்னாங்கன்னு ஆரம்பிச்சா டியூட்டி டாக்டர் பாதியில விட்டுடுவாரு. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்க: சார், நான் ஹோம் கேர் ஸ்டாஃப் நர்ஸ் பேசறேன், பேஷன்டோட ஆஸ்பத்திரி நம்பர் சொல்றேன், காலையில 6 மணியில இருந்து 12 மணி வரைக்கும் பேக்ல 50 மில்லிதான் வந்திருக்கு. பக்கவாதம், போன வாரம் டிஸ்சார்ஜ், 16 சைஸ் ஃபோலி போட்டு 12 நாள் ஆச்சு, ஃபீடெல்லாம் வழக்கம் போல போகுது. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு, ஆள் நிலைகொள்ளாம இருக்காரு, பிபி 160க்கு 90, காய்ச்சல் இல்ல, டியூப் மடங்கல, உள்ள அடைச்சிருக்கும்னு நினைக்கிறேன். இங்கயே கத்தீட்டர் மாத்தட்டுமா இல்ல கூட்டிட்டு வரட்டுமா? அரை நிமிஷம்தான் ஆகுது, டாக்டர் உடனே முடிவு சொல்லிடுவாரு. சொன்னதைத் திருப்பிச் சொல்லி சரிதானான்னு கேட்டுட்டு, நேரத்தோட நோட்டுல எழுதிடுங்க.

ஆனா எந்த நம்பருக்கு பண்றது? அதுதான் கேள்வியே. சம்மரியில தலைப்புல இருக்குற நம்பர் பில்லிங் கவுன்டருக்கோ ரிசப்ஷனுக்கோ போகும். வார்டு நம்பர், ராத்திரியில கூப்பிடுற நம்பர், எது நடந்தா போன் போதும், எது நடந்தா போனே பண்ணாம 108ஐக் கூப்பிட்டுக் கிளம்பணும், இந்த நாலையும் டிஸ்சார்ஜ் அன்னிக்கே எழுதி வாங்கிடுங்க. 108 வந்தா பையைத் தேடிக்கிட்டு நிக்க வேண்டாம்னு மருந்து லிஸ்ட், ஒவ்வாமை, என்னென்ன டியூப் இருக்கு, கடைசி டோஸ் நேரம் நாலையும் தனியா ஒரு பக்கத்துல எழுதி, அதை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டில் தலைமாட்டுலயே மாட்டி வைங்க, மருந்து மாறுற அன்னிக்கே பக்கத்தையும் மாத்தணும், பழைய பக்கத்தைக் கிழிச்சுடணும்.

அப்புறம் சிஸ்டர் மாறும்போதும் ஒரு ஹேண்டோவர் வேணும். ஏஜென்சி திடீர்னு வேற ஆளை அனுப்பும், பழைய சிஸ்டர் நேத்தே போயிருப்பாங்க. ஒரு நாள் ரெண்டு பேரும் சேந்து இருக்கணும்னு ஒப்பந்தம் பேசும்போதே கேளுங்க, அதுக்குக் கூடுதலா காசு கேப்பாங்க, குடுக்கலாம். வேலை முடிஞ்சு போற சிஸ்டர்கிட்ட நோட்டை வாங்கி வச்சுக்கோங்க, அது உங்க பேஷன்டோட ரெக்கார்ட். வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளிய போனா மட்டும் போட்டோ போன்ல இருந்து போயிடாது, கேலரியில தங்கியிருக்கும், பக்கத்துல நின்னு அழிக்கச் சொல்லுங்க, ஆபாவுல யாருக்காவது அனுமதி குடுத்திருந்தா அதையும் அன்னிக்கே எடுத்துடுங்க.